மண் ஜாக்கெட்

மேல வேண்டாங்க தம்பி, மடியிலயே இருக்கட்டும். லக்கேஜ் டிக்கெட் போடறதுன்னா போட்டுக்குங்க, ஆனா பெட்டி என் மடியை விட்டு எறங்காது. பாத்தீங்களா அம்மிணி, கண்டக்டர் மூஞ்சி போற போக்கை? ஒரு அட்டைப்பெட்டிக்கு இத்தனை கேள்வி. உங்களுக்கு இடிக்குதுங்களா? இடிச்சா சொல்லிப் போடுங்க, கொஞ்சம் சாச்சுப் பிடிச்சுக்கறேன். நீங்க தாராபுரமா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். பல்லடம் தாண்டிட்டா ரோடு காலியா இருக்கும். பேசிட்டே போயிரலாம்.

உள்ள என்னன்னு கேக்கோணும்னு இருக்குது உங்களுக்கு. கேளுங்க, அதுல என்ன. ஜாக்கெட்டுங்க. சிரிக்காதீங்க, நெசமாத்தான். மண்ணுல செஞ்ச ஜாக்கெட். அடியில கை குடுத்துப் பாருங்க, அஞ்சு கிலோ இருக்கும். கழுத்து தொறந்திருக்கும், அதுல பூ வெக்கலாம். அப்படிப் பாத்தா ஜாடின்னும் சொல்லலாம். ஆனா அது ஜாக்கெட்தான், நான் வெட்டினது, எனக்குத் தெரியாதா?

என் பேரு துளசிமணி. சிங்காநல்லூர்ல பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி சந்துல டெய்லர் கடை வெச்சிருக்கேன். ஜாக்கெட் மட்டுந்தான். சுடிதார், நைட்டின்னு வந்தா பக்கத்துக் கடையைக் காட்டி விட்டுருவேன். முப்பத்தோரு வருஷமாச்சு. ஒருத்தி உள்ள வந்து நின்னான்னா, டேப்பை எடுக்கறதுக்கு முன்னாடியே எனக்கு அளவு தெரிஞ்சுரும். உங்களுக்கு முப்பத்தியாறு. இல்லீங்களா? பாத்தீங்களா. ஆனா நீங்க போட்டிருக்கறது முப்பத்தியெட்டுல தெச்சது, தோள்பட்டை எறங்குது. யாரு தெச்சாங்கன்னு நான் கேக்க மாட்டேன். தொழில்ல இன்னொருத்தரைக் குத்தம் சொல்லக் கூடாது. ஆனா எறங்குது.

ஏன் எறங்குதுன்னா, இந்தக் காலத்துல யாருக்கும் பொறுமை இல்லீங்க. லைனிங் துணியையே எடுத்துக்குங்க. ஜாக்கெட்டுக்கு உள்பக்கம் காட்டன்ல வெப்போமே, அதுதான். அதைப் புதுசாவே வெட்டித் தெச்சா, முதல் தண்ணி பட்டதும் சுருங்கிரும். மேல இருக்கற பட்டு அப்படியே நிக்கும், உள்ள இருக்கறது இழுக்கும், கொக்கி மாட்ட முடியாது. அதனால முதல்லயே ஊற வெச்சு, காய வெச்சு, அப்புறமேல்ட்டுத்தான் கத்திரி வெக்கோணும். என் கடை வாசல்ல நீல பக்கெட் ஒண்ணு இருக்கும். எப்பப் பாத்தாலும் அதுல லைனிங் ஊறிட்டே இருக்கும். அந்த பக்கெட்டை அடையாளம் சொல்லித்தான் கடைக்கே வழி கேப்பாங்க. நான் எப்பவும் நனைச்சுத்தான் வெட்டுவேன்.

இப்பப் போறது என் தங்கச்சி வீட்டுக்கு. வசந்தாமணி, எனக்கு நாலு வயசு எளையவ. அவளும் நானும் பேசி மூணு வருஷமாச்சு. தப்பு யாரு மேலன்னு நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க. நான் ஒரு பக்கமாப் பேச மாட்டேன்.

அவளுக்கு ஒரே பொண்ணு, கோகிலவாணி. வாணின்னுதான் கூப்புடுவோம். மூணு வருஷத்துக்கு முந்தி ஐப்பசியில அவளுக்குக் கல்யாணம். முகூர்த்த ஜாக்கெட் பெரியம்மாதான் தெக்கோணும்னு ஒத்தக் கால்ல நின்னா. அரக்குப் பட்டுங்க. அளவெடுத்தேன், நோட்டுல எழுதினேன், முப்பத்தி நாலு. பத்து நாளைக்கு முந்தி போட்டுப் பாத்தா. கண்ணாடி முன்னாடி நின்னு இப்படித் திரும்பி அப்படித் திரும்பிப் பாத்துட்டு, என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. அப்படி உக்காந்துது ஒடம்புல. அதுக்கப்புறம் ஒரு சின்னக் காரியம். கை ஓரத்துக்கு இன்னொரு தையல் போடறப்ப மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு முதுகுப் பக்கம் பட்டுருச்சு. வேற ஆளா இருந்தா அப்படியே மடிச்சுக் குடுத்திருப்பாங்க. நான் விடுவேனா? பூந்திக்கொட்டைத் தண்ணியில பதமா அலசி, நெழல்ல காய வெச்சு, நானே இஸ்திரி போட்டு, டப்பாவுல வெச்சு மண்டபத்துக்குக் கொண்டு போனேன். எண்ணெய் பட்ட எடமே தெரியலை. அத்தனை அக்கறைங்க எனக்கு.

முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம் இருக்குது. பொண்ணு ரூம்ல ஜாக்கெட்டைப் போட்டா, கொக்கி எட்டலை. ரெண்டு விரல் இடைவெளி. மூச்சை இழுத்துப் பிடி சாமின்னேன். ரெண்டு பொம்பளைங்க ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்தாங்க. ம்ஹும். கதவு தொறந்து கெடக்குது. மாப்பிள்ளையோட அம்மா, அத்தைங்க, எல்லாரும் நிக்கறாங்க. எல்லாரும் என்னைத்தான் பாக்கறாங்க, டெய்லர் நானாச்சே. நான் நோட்டை எடுத்தேன். கைப்பையிலயே இருந்துது. பக்கத்தைப் புரட்டிக் காட்டி, "இங்க பாருங்க, முப்பத்தி நாலு. என் அளவு தப்பாது. பொண்ணு பத்து நாள்ல பெருத்துட்டா. விருந்து விருந்துன்னு கண்டதையும் தின்னா, துணி என்ன பண்ணும்?"ன்னேன். சும்மா சகஜமாத்தான் சொன்னேன். ரெண்டு பேரு சிரிக்கக்கூடச் செஞ்சாங்க. மாப்பிள்ளையோட அம்மா, "இப்பவே இப்படின்னா, இன்னும் போகப் போக எப்படியோ"ன்னு சொல்லிட்டு அவங்களும் சிரிச்சாங்க. அந்த மட்டுக்கும் ரூம்ல ஒரு கலகலப்பு வந்துதேன்னு எனக்கு நிம்மதி.

வசந்தா கதவைச் சாத்தினா. அவ போட்டிருந்த பச்சை ஜாக்கெட்டைக் கழட்டிப் பொண்ணுக்குப் போட்டு, சுத்திலும் ஊக்கு குத்தி விட்டா. அரக்குப் பட்டுக்குப் பச்சை ஜாக்கெட்! ஃபோட்டோவுல எல்லாம் அதுதான். வாணி பாவம், எல்லா ஃபோட்டோவுலயும் முந்தானையை இழுத்து இழுத்துப் போத்திக்கிட்டு நிக்குது. தாலி கட்டி, பந்தி முடிஞ்சு நான் கெளம்பறப்ப, வசந்தா வாசல் வரைக்கும் வந்தா. "அக்கா, இனிமே டேப்பையும் நோட்டையும் தூக்கிட்டு என் வீட்டு வாசப்படி மிதிக்காதே"ன்னா. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? நானும் ரோசக்காரிதான். மிதிக்கலை. அவளும் ஃபோன் பண்ணலை, நானும் பண்ணலை.

அவ வீட்டுக்காரரு மட்டும் எப்பவாச்சும் பேசுவாரு. வாணி கல்யாணத்துக்கு அப்புறம் ஆறு மாசம் ராத்திரிச் சோறே தொடலைன்னு ஒரு தடவ சொன்னாரு. டயட்டா இருக்கும், இந்தக் காலத்துப் பொண்ணுங்க, நல்லதுதானேன்னு நெனச்சுக்கிட்டேன்.

இருங்க, மண்ணுக்கு வர்றேன். அதுக்குத்தானே பெட்டியையே பாத்துட்டிருக்கீங்க.

போன மாசியில எங்க சந்துலயே ஒரு மாடியில ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு மண்பாண்டம் சொல்லித் தர்ற கிளாஸ் ஆரம்பிச்சுது. சக்கரமெல்லாம் கெடையாதுங்க, எல்லாம் கையாலயே. பன்னெண்டு ஏப்ரன் வேணும்னு வந்து நின்னுது. ஜாக்கெட் மட்டுந்தான்னு சொன்னேன், ஆன்ட்டி ஆன்ட்டின்னு விடலை. தெச்சு எடுத்துட்டு மாடிக்குப் போறேன், அங்க நடக்கறதைப் பாக்கோணுமே! நீட்ட மேசை, மேல கித்தான் விரிச்சிருக்குது. களிமண்ணை நடுவுல வெச்சு, ரெண்டு பக்கமும் ஒரே கனத்துல ரீப்பர் கட்டை வெச்சு, சப்பாத்திக்குத் தேய்க்கற மாதிரி பெரிய உருளையால தேய்க்கறாங்க. கட்டைக்குக் கீழ உருளை எறங்காதில்ல, அதனால மண்ணு ஒரே கனமா, தகடாட்ட வந்துருது. அது மேல காகித அச்சை வெச்சுக் கத்தியால சுத்தி வெட்டறாங்க. வெட்டின துண்டை ஓரத்தோட ஓரம் சேத்தா டப்பா, ஜாடி, தொட்டி, எது வேணுமோ அது. நான் ஏப்ரனைக் குடுக்க மறந்துட்டு நின்னேன். அம்மிணி, இது என் வேலைங்க! அச்சு வெச்சு வெட்டறது, ஓரம் சேக்கறது. துணிக்குப் பதிலா மண்ணு, அவ்வளவுதானே?

அடுத்த ஞாயித்துக்கெழமையே போய் உக்காந்துட்டேன். முதல் நாள் நான் பண்ணின கூத்தைக் கேளுங்க. மண்ணு மேல சாக்பீஸ்ல கோடு போட்டேன். அச்சு நகராம இருக்க சுத்திலும் குண்டூசி குத்தினேன். வெட்டறப்ப எல்லாப் பக்கமும் ஒரு இஞ்ச் உள்தையலுக்கு விட்டேன். "இது எதுக்கு ஆன்ட்டி?"ன்னு டீச்சர் கேட்டுச்சு. "பின்னால பத்தலைன்னா பிரிச்சு விட்டுக்கலாம்"னேன். அந்தப் பொண்ணு சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நான் கவனிக்காத மாதிரி இருந்துக்கிட்டேன். அப்புறம் ரெண்டு ஓரத்தையும் சேத்து அமுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். மறு வாரம் வந்து பாத்தா, ரெண்டும் தனித்தனியாப் படுத்துக் கெடக்குது. ஓரத்தை முள்ளுக்கரண்டியால கீறி, கொழகொழன்னு களிமண் குழம்பு தடவி, அப்புறந்தான் ஒட்டோணுமாம். நூல் இல்லாத தையல். அதைக் கத்துக்க எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு. கத்துக்கிட்டதுக்கு அப்புறம் கிளாஸ்ல என் ஓரத்தாட்ட யாரு ஓரமும் நிக்கலை, அதையும் சொல்லிப் போடறேன்.

அப்பத்தான் எனக்கு இந்த ஜாக்கெட் யோசனை வந்துது. கடையில ஆணியில காகித அச்சு கொத்துக் கொத்தாத் தொங்கும். கைக்கு வந்தது வாணியோடது. கைக்கு வந்துதுன்னு சொல்றேன், அது அடியில இருந்துது, தேடித்தான் எடுத்தேன். முன்பக்கம் ஒண்ணு, முதுகு ஒண்ணு, ரெண்டையும் ஒட்டி, இடுப்புக்கு அடி போட்டு நிக்க வெச்சா ஜாடி. ஆனா மனசுக்குள்ள வேற கணக்கு ஓடுது. துணி கசங்கும், கிழியும், யாரு வேணா எது வேணா சொல்லலாம். மண்ணுல சுட்டு வெச்சுட்டா? முப்பத்தி நாலுன்னா முப்பத்தி நாலுதான்னு எல்லாரும் பாக்கட்டும். என் அளவு தப்பலைன்னு கல்லாட்ட நிக்கட்டும்னு ஒரு வெறி.

டீச்சர் சொல்லுச்சு. "ஆன்ட்டி, மண்ணு காயறப்பவே கொஞ்சம் சுருங்கும், சூளையில வேகறப்ப இன்னும் சுருங்கும். எட்டுக்கு ஒரு பங்கு பெருசா வெட்டுங்க"ன்னுச்சு. எனக்குச் சுருக்குன்னுது. "கண்ணு, நான் அளவுக்கு வெட்டறவ. கண்ணை மூடிட்டுப் பெருசா வெட்டறது ரெடிமேட்காரங்க வேலை"ன்னேன்.

அச்சுப்படி வெட்டினேன். தோளு, கழுத்து, எல்லாம் மயிரிழை தப்பாம. கழுத்துக்குப் பைப்பிங்கூட மண்ணைத் திரிச்சு வெச்சேன். முன்னாடி ஆறு கொக்கி, சின்னச் சின்னதா. தண்ணி சுண்டி செருப்புத் தோல் பதத்துக்கு வந்ததும் தேச்சு வழவழன்னு ஆக்கினேன். ரெண்டு வாரம் பிளாஸ்டிக் சுத்தி மெல்ல மெல்லக் காய வெச்சு, கரண்ட் சூளைக்குள்ள வெச்சாங்க. அது பாக்க ஃபிரிட்ஜாட்டத்தான் இருக்குது, உள்ளதான் நெருப்பு. நான் கடையைச் சாத்திட்டு மாடிப் படியிலயே உக்காந்திருந்தேன். வேண்டாம் ஆன்ட்டி, நாளைக்குத்தான் ஆறும், போயிட்டு வாங்கன்னு தொரத்தி விட்டாங்க.

மறுநாள் தொறந்தாங்க. அழகுன்னா அழகு, செங்கல்லாட்டச் செங்காமட்டி நெறத்துல. எல்லாரும் கை தட்டினாங்க. நான் பையில இருந்து வாணியோட காகித அச்சை எடுத்து, மண்ணு மேல வெச்சுப் பாத்தேன். காகிதம் ரெண்டு பக்கமும் வெளிய நீட்டிட்டு நிக்குது. ரெண்டு விரல். அம்மிணி, அதே ரெண்டு விரலுங்க.

"சுருங்கினது உங்க தப்பில்ல ஆன்ட்டி, மண்ணோட கொணம்"னு டீச்சர் என் கையைப் பிடிச்சுக்கிச்சு. அது மண்ணைச் சொல்லுது. நான் அங்கயே இல்லை.

உங்ககிட்ட நான் பொய் சொல்லலைங்க. எப்பவும் நனைச்சுத்தான் வெட்டுவேன்னு சொன்னேன், அது சத்தியம். அந்த ஐப்பசியில மட்டும் ஒம்பது நாளு விடாம மழை. நனைச்சது எதுவும் காயலை, கல்யாணத் தையல் குமிஞ்சு கெடக்குது. சரி, நம்ம பொண்ணுதானே, பட்டு ஜாக்கெட்டை யாரு அலசப் போறாங்கன்னு, ஒரே ஒரு லைனிங், நனைக்காம வெட்டினேன். அப்புறம் எண்ணெய் பட்டு, அதை நானே அலசினேன் பாருங்க. என்னத்தைச் சொல்ல.

இத்தனை நாளாத் தெரியாதான்னு கேக்கறீங்க. தெரியும்னும் சொல்ல முடியாது, தெரியாதுன்னும் சொல்ல முடியாது. நெனப்பு அந்தப் பக்கம் போச்சுன்னா, எந்திரிச்சு வேற வேலை பாக்கப் போயிருவேன். அப்படியே மூணு வருஷம் ஓடிருச்சு.

இப்ப வாணிக்கு ஏழாம் மாசம். நாளைக்கு வளைகாப்பு, தங்கச்சி வீட்லதான். வசந்தா கூப்புடலை. வாணிதான் ஃபோன் பண்ணி, "பெரியம்மா, நீங்க கட்டாயம் வரோணும்"னுச்சு. அதான் பெட்டியோட கெளம்பிட்டேன். டேப்பும் நோட்டும் எடுத்துட்டு வரலை. முப்பத்தோரு வருஷத்துல கழுத்துல டேப் இல்லாம வீதிக்கு வந்தது இன்னைக்குத்தான். கை அடிக்கடி கழுத்துக்குப் போகுது பாருங்க. காகித அச்சு மட்டும் பெட்டியில இருக்குது. வசந்தா முன்னாடி இதை வெச்சு, அது மேல அச்சை வெச்சுக் காட்டினா, அவளே புரிஞ்சுக்குவா. வாயைத் தொறந்து வேற சொல்லோணுமா என்ன? சொல்லோணும்கறீங்களா? நீங்க ஒண்ணு.

இருங்க, ஃபோன் அடிக்குது. யாருன்னு பாருங்க, கண்ணாடி பைக்குள்ள போயிருச்சு. வசந்தாவா? நல்லாப் பாருங்க கண்ணு. வசந்தாவா?

அலோ. ம். குண்டடம் தாண்டிட்டேன். ம். எதுக்கு? டேப்பா? டேப் கொண்டு வரலையே. நீதானே... வசந்தா, இரு. நான் நனைக்கலைடி. லைனிங்கை. வாணி ஜாக்கெட்டுக்கு நான் நனைக்கலை. அலோ? அலோ? இருக்கியா? ம். ம். சரி. சரி வெச்சுரு.

வெச்சுட்டா. கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க.

டேப் எடுத்துட்டு வரச் சொல்றா. வளைகாப்புக்குத் தெச்ச ஜாக்கெட் வாணிக்கு இறுக்குதாம், அக்கா வந்து பிரிச்சுத் தரட்டும்கறா. மூணு வருஷம் கழிச்சு, நேத்துப் பேசினவளாட்ட. அதுல ஆடிப் போயித்தான் எனக்கு வாயில வந்துருச்சு. அதுக்கு அவ என்ன சொன்னான்னு கேளுங்க. "தெரியும்கா"ன்னா. "நீ அந்த ஜாக்கெட் வெட்டின வாரம் நான் கடைக்கு வந்தப்ப நீல பக்கெட் கவுந்து கெடந்துதே, அன்னைக்கே பாத்தேன்"னா. பாத்துட்டுத்தான் மூணு வருஷம் எதுவும் கேக்காமப் பொட்டாட்ட இருந்திருக்கா! "கொக்கி எட்டாததுக்கா நான் உங்கிட்டப் பேசாம இருந்தேன்? துணி போனா வேற துணி. என் பொண்ணு ஒடம்பை நாலு பேரு முன்னாடி எடுத்து வெச்சுட்டியேக்கா. அவ மாமியாரு இன்னைக்கு வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுது. அந்தப் புள்ள தட்டை வெச்சுட்டு அழுததை நான் பாத்தேன், நீ பாக்கலை"ன்னா.

நான் இத்தனை நாளும் இது ஜாக்கெட் சண்டைன்னே இருந்துட்டேன் அம்மிணி. அளவு, நோட்டு, முப்பத்தி நாலுன்னு. நானும் பொம்பளைதானே. அந்தப் புள்ள என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னுதே. ஆறு மாசம் பட்டினி கெடந்திருக்குது, நான் டயட்டுன்னேன். வெக்கமா இருக்குதுங்க. அழுகை வருது, அந்தப் பக்கம் திரும்பிக்கறேன், நீங்க பாக்காதீங்க.

கடைசியா என்ன சொன்னா தெரியுங்களா? "எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப் போகுது? அவகிட்டச் சொல்லு. அவ மாமியாரு இருக்கறப்பச் சொல்லு, சத்தமாச் சொல்லு. அன்னைக்கு அப்படித்தானே சொன்னே. டேப் இல்லைன்னா போச்சு, நூலு வெச்சு அளந்துக்கலாம், வந்து சேரு"ன்னா.

சொல்லிர வேண்டியதுதான். ஆனா எப்படி ஆரம்பிக்கறது? "வாணி, அந்த ஐப்பசியில ஒரே மழையா இருந்துதா"ன்னு... வேண்டாம். மழையை இழுக்கக் கூடாது. "மெஷின் எண்ணெய் பட்டுருச்சு, அதனால"... அதுவும் வேண்டாம். நீங்க சொன்னதுதான் சரி, சின்னதாச் சொல்லோணும். வளையல் போடறப்ப, எல்லாரும் இருக்கறப்ப, இந்த ஜாடியை நடுவுல வெச்சு. நீங்கதான் மாமியாருன்னு வெச்சுக்குங்க. கொஞ்சம் கடுகடுன்னு உக்காருங்க. அப்படித்தான். சொல்லட்டுங்களா? "அன்னைக்கு நான் சொன்னது பொய்யுங்க. பொண்ணு பெருக்கலை." கேக்குதுங்களா? சத்தம் பத்தலையா? அன்னைக்கு இதை விடச் சத்தமாத்தான் சொன்னேன். சரி, இருங்க. "பொண்ணு பெருக்கலை! துணிதான் சுருங்குச்சு! தப்பு என் மேல!"

அய்யய்யோ, பஸ்ஸே திரும்பிப் பாக்குது. கண்டக்டர் வேற வர்றாரு. என்னங்க தம்பி? யாரு பெருத்துட்டாங்கன்னு கேக்கறீங்களா? யாரும் பெருக்கலைங்க தம்பி, அதைத்தான் சொல்லிட்டிருக்கேன். விசிலை ஊதுங்க, தாராபுரம் வந்துருச்சு. நான் எறங்கோணும்.